கிணற்றில் ஊறுவது எந்தத் தண்ணீர்? ஐசோடோப்புச் சோதனை: வாசகர் கேள்விகள்

பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் கிணறு ஏறுகிறது. ஊறுவது கால்வாய்த் தண்ணீரா, மழைத் தண்ணீரா? (மேலூர்)

பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஒரு பாட்டிலில் அனுப்பினால் காசுதான் வீண். கால்வாய், மழை, கிணறு மூன்றும் வேண்டும்.

தண்ணீரில் ஆக்சிஜன்-18, டியூட்ரியம் (கனமான ஹைட்ரஜன்) என்ற கனமான அணுக்கள், அதாவது ஐசோடோப்புகள், கொஞ்சம் கலந்திருக்கும். கடல்நீரோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்று ஆய்வகம் எண்ணாகத் தரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் தண்ணீர் லேசானது, அதாவது கனமான அணுக்கள் அதில் குறைவு. பெரியாற்றுத் தண்ணீரில் தென்மேற்குப் பருவமழையின் பங்கு பெரிது, அது கனமானது. போதாததற்கு வைகை அணையில் வெயில் காய்கிறது. லேசான மூலக்கூறு முந்தி ஆவியாக, கனமானது தங்கிவிடும்.

கணக்குக்கு ஒரு உதாரணம்: ஆக்சிஜன்-18 அளவு மழையில் -6, கால்வாயில் -2, கிணற்றில் -5. மழைக்கும் கால்வாய்க்கும் இடைவெளி 4. கிணறு மழையிலிருந்து 1 நகர்ந்திருக்கிறது. கால்வாய்ப் பங்கு கால்வாசி. கருவியின் பிழை 0.1 அளவில்தான் இருக்கும்; கால்வாயின் எண்ணே மாதத்துக்கு மாதம் மாறுவதுதான் தலைவலி. மழைக்கும் கால்வாய்க்கும் இடைவெளி 1-க்குக் குறைந்தால் சதவீதம் போடவே வேண்டாம். மடை திறப்பதற்கு முன்பு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை எடுங்கள். நெல் வயலில் தேங்கி இறங்கும் தண்ணீரும் கால்வாய்க் கணக்கில்தான் சேரும்.

போர் தண்ணீரை எப்படிப் பிடிப்பது? (உசிலம்பட்டி)

குழாயில் கிடக்கும் பழைய தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள். ஆறரை அங்குல போரில் அடிக்கு ஆறரை லிட்டர். 200 அடி தண்ணீர் நின்றால் 1,300 லிட்டர். அதில் மூன்று மடங்கு, அதாவது 1,000 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட நாலு. அவ்வளவு ஊறாத போரில், டி.டி.எஸ் மீட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மூன்று தடவையும் ஒரே எண் காட்டினால் போதும்.

மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். மோட்டாரிலிருந்து நேராக வரும் தண்ணீர்தான் வேண்டும். 50 மி.லி. கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வழிய வழிய நிரப்பி மூடுங்கள். கவிழ்த்தால் குமிழி ஓடக்கூடாது. குமிழி இருந்தால் அதற்குள்ளேயே ஆவியாகி எண் கனத்துப்போகும். உலோகச் சோதனைக்கு ஆசிட் விட்ட பாட்டில் இதற்கு ஆகாது.

மழையை மொட்டை மாடியில் வாளி வைத்துப் பிடிக்கலாமா? (திருமங்கலம்)

கூடாது. சாயங்காலம் பெய்த மழை மறுநாள் மதியத்துக்குள் ஆவியாகி, எண் கெட்டுவிடும். கேனில் புனல் பொருத்தி, அதிலிருந்து ஒரு டியூபை அடிவரை இறக்குங்கள். டியூபின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். காற்று வெளியேற மெல்லிய டியூப் ஒன்று தனியாக. எண்ணெய் மிதக்கவிடும் பழைய முறையும் உண்டு, ஆனால் துளி எண்ணெய் கலந்தாலும் ஆய்வகத்து லேசர் கருவி தப்புக் காட்டும்.

மழை அளவையும் எழுதி வையுங்கள். 100 மி.மீ. மழையில் -7, 10 மி.மீ. தூறலில் -1 என்றால் சராசரி -4 அல்ல, -6.5.

வண்டியூர் கண்மாய்ப் பக்கம் வீடு. போர் தண்ணீர் உப்பு. கண்மாய்தான் காரணமா? (மதுரை)

டியூட்ரியம் எண்ணிலிருந்து ஆக்சிஜன்-18-இன் எட்டு மடங்கைக் கழியுங்கள். மழையில் 10-ஐ ஒட்டி வரும். வெயிலில் கிடந்த தண்ணீரில் இறங்கிவிடும். ஆக்சிஜன் -2, டியூட்ரியம் -14 என்றால் விடை 2: ஆவியாகி மிஞ்சிய தண்ணீர். விடை 10 பக்கமே நின்று, தண்ணீர் மட்டும் உப்பாக இருந்தால் கண்மாயை விடுங்கள். பாறை போல வேறு ஏதோ காரணம்.

2 வந்தாலும் அவசரப்படாதீர்கள். மாநகராட்சிக் குழாயிலும் வைகை அணைத் தண்ணீர் வருவதுண்டு. அப்படியானால் குழாய்க் கசிவிலும் சாக்கடையிலும் அதே முத்திரை இருக்கும். ஆகவே குழாய்த் தண்ணீரிலும் ஒரு பாட்டில் பிடியுங்கள். சாக்கடைச் சந்தேகத்துக்கு நைட்ரேட் உப்பிலுள்ள கனமான நைட்ரஜனை (நைட்ரஜன்-15) பார்க்க வேண்டும். அந்த மாதிரியை வடிகட்டி உறைய வைத்து அனுப்ப வேண்டும்.

அழகர்கோவில் சிலம்பாற்று ஊற்று எந்த உயரத்து மழை என்று தெரியுமா? (மேலூர்)

நூறு மீட்டர் உயரத்துக்கு ஆக்சிஜன்-18 சுமார் 0.15 முதல் 0.5 வரைதான் குறையும். சில நூறு மீட்டர் மலையில் அந்த வித்தியாசம் மழைக்கு மழை வரும் மாற்றத்திலேயே மறைந்துவிடும்.

தண்ணீரின் வயது தெரியுமா? (வாடிப்பட்டி)

இதில் தெரியாது. அதற்கு டிரிட்டியம்: 12.3 ஆண்டில் பாதியாகும் கதிரியக்க ஹைட்ரஜன். சிறு பாட்டில் போதாது, ஒரு லிட்டர் பிடியுங்கள்.