முறைப்படி வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் பதினான்கு ஆண்டுகளாக எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் என் தேதி நகரவே இல்லை. ஆறு வயதில் இங்கே வந்த மகளுக்கு அடுத்த ஆண்டு 21 ஆகிறது. என் விண்ணப்பத்திலிருந்து அவள் விலக்கப்படலாம். படித்து, தகுதியால், முறைப்படி வந்த எங்களையும் எல்லை தாண்டி வந்தவர்களையும் இன்று ஒன்றாகப் பேசுகிறார்கள். ஊர் திரும்பிவிடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

மகளைப் பற்றிய வரியை இரண்டு முறை வாசித்தேன். அங்கேயே வளர்ந்த பெண்ணைத் தனி விசா தேடிக்கொள் என்பது கொடுமை. வயதைக் கணக்கிடுவதில் சில சலுகைகள் உண்டு, நல்ல வழக்கறிஞரிடம் உடனே பேசுங்கள். கிரீன் கார்டு தருவதில் ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே 7 சதவீத வரம்பு வைத்திருப்பதும் அநியாயம்தான்.

ஆனால் 'தகுதியால் வந்த எங்களையும்' என்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சில வாரங்களாக, அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்டின் வழக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை என்றது 1790ஆம் ஆண்டுச் சட்டம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியர்களைச் சேர்க்கவில்லை. திண்ட் பஞ்சாபிச் சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு எதை வாதிட்டது? சட்டம் தவறு என்றா? இல்லை. அவர் உயர்சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று! இந்தியாவில் உயர்சாதியினர் பூர்வகுடிகளைத் தள்ளிவைப்பதைக்கூட ஆதாரமாகக் காட்டினார்கள். சாதாரண வெள்ளைக்காரன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று 1923இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அதன்பிறகு ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாமென்று சான்பிரான்சிஸ்கோ போய்க் கடை வைத்த வைஷ்ணோ தாஸ் பகாய் நாடற்றவரானார். பொற்கூண்டில் வாழ்வதும் ஒரு வாழ்வா என்று கேட்டு எழுதி வைத்துவிட்டு 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் திண்டின் வக்கீல் பேசுகிறார், கார்த்திக். அவர்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நாங்கள் வேறு என்கிற அதே பேச்சு. நூறு வருஷத்துக்கு முன்னால் தோற்ற வாதத்தை எதற்காக இன்னும் சுமக்கிறீர்கள்?

என் சித்தப்பா 1972இல் டாக்டராகப் போனார். தன் படிப்பே கதவைத் திறந்தது என்று வெகுகாலம் நம்பினார். அதே படிப்போடு 1950இல் போயிருந்தால் ஆண்டுக்கு 100 இந்தியர் என்ற ஒதுக்கீட்டில் முட்டி நின்றிருப்பார். கதவு திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால், வாக்குரிமை கேட்டு அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திய அதே ஆண்டில். அந்தப் போராட்டங்கள் இல்லாமல் பழைய இன ஒதுக்கீடு அப்போது விழுந்திருக்காது. இன்னொன்றையும் கேளுங்கள். மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோளத்துக்கு முதல்முறையாக ஆண்டுக்கு 1,20,000 பேர் என்று வரம்பு போட்டதும் இதே சட்டம்தான். நம்மை உள்ளே விட்ட கையெழுத்தே அவர்களில் பலரைச் சட்டவிரோதிகள் ஆக்கியது.

ஓய்வுபெற்ற பிறகு சித்தப்பா என்னை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப்போனார். 1910 முதல் 1940 வரை கப்பலில் வந்தவர்களை அடைத்துவைத்து விசாரித்த இடம். மரச்சுவரில் சீனர்கள் கவிதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே பெயின்ட் அடித்தும் எழுத்து தெரிகிறது. சித்தப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். "இவங்கள்லாம் இங்க நிக்கிறப்ப நாம யாருமே கிடையாதுடா" என்றார். படகில் திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை.

ஊர் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகளிடம் பேசினீர்களா? ஆறு வயதிலிருந்து அவளுக்கு ஊர் டல்லாஸ்தானே? அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.