மக்கள் நடத்தும் வறுமை ஒழிப்புத் திட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: யார் ஏழை என்று எப்படி முடிவு செய்வது? எங்கள் குழுவில் முதல் சண்டையே இதுதான்.

பதில்: அந்தச் சண்டை முதலிலேயே வந்தது நல்லது. பட்டியல் தப்பானால் அப்புறம் எவ்வளவு பணம் வந்தும் பலனில்லை. வருமானத்தை வைத்துப் பார்க்காதீர்கள். தினக்கூலிக்குப் போகிறவரிடம் மாத வருமானம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? கேரளத்தின் ஆலப்புழையில் 9 அடையாளங்களை வைத்துப் பார்த்தார்கள். வீட்டின் நிலை, கழிப்பறை, குடிநீர், எழுத்தறிவு என்று நேரில் தெரிபவை. நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால் அந்தக் குடும்பம் பட்டியலில் சேரும். 1998-ல் அங்கே தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுத் திட்டத்துக்கு இந்த அனுபவம் கைகொடுத்தது. பட்டியலைக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கு நீங்களே போங்கள். பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: சுய உதவிக் குழு தொடங்கினால் உடனே வங்கிக் கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஆறு மாதமாவது சேமித்து, உங்களுக்குள் கொடுத்து வாங்கிப் பழகுங்கள். கணக்கு எழுதுங்கள். அந்தக் கணக்குப் புத்தகம் ஒரே வீட்டில் தங்கக் கூடாது.

கேள்வி: மக்களே கண்காணித்தால் திருட்டு நின்றுவிடும்தானே?

பதில்: அதனால் மட்டும் நிற்காது. இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை ஆராய்ந்தார். போட்ட சாலையைத் தோண்டி, உள்ளே எவ்வளவு கல்லும் மணலும் இருக்கிறது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்பே சொன்ன ஊர்களில் காணாமல் போகும் பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு வரச்சொல்லி நிறையப் பேரை அழைத்த ஊர்களில் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை.

கேள்வி (அதே நண்பர்): அப்படியென்றால் அதிகாரிகளே போதுமே, மக்கள் எதற்கு?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. நிறையப் பேரைக் கூட்டத்துக்கு அழைத்த அதே ஊர்களில் கூலிப்பணத் திருட்டு குறைந்தது. தனக்கு வந்த கூலி எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். சாலைக்குள் எத்தனை லோடு கல் போனது என்று யாருக்குத் தெரியும்? சாலைப் பணி பற்றி மக்கள் கருத்து எழுதும் படிவங்களை ஊர்ப் பெரிய மனிதர்கள் வழியாகக் கொடுத்தபோது பலனில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியபோது பலன் இருந்தது. மக்கள் பங்கேற்பு யார் கை வழியாக வருகிறது என்பதைப் பாருங்கள்.

கேள்வி (இன்னொருவர்): எங்கள் தணிக்கையாளரே தலைவரின் உறவுக்காரர், ஐயா.

பதில்: அவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். யார் தணிக்கை செய்தாலும் அறிக்கையை ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வையுங்கள். இந்தோனேசியாவிலும் அப்படித்தான் செய்தார்கள்.

கேள்வி: நிலமோ ஆள்துணையோ இல்லாத அம்மாவுக்குக் கடன் உதவுமா?

பதில்: கடனை மட்டும் கொடுத்தால் பாரம்தான் கூடும். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் வேறு வழியைத் தொடங்கியது. ஆடு, மாடு போல ஏதாவது ஒன்றை இலவசமாகக் கொடுத்து, சில மாதம் சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் தந்து, பயிற்சியும் சேமிப்புப் பழக்கமும் சேர்த்து, ஏறத்தாழ இரண்டு வருடம் அடிக்கடி வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். பிறகு ஆறு நாடுகளில் இதைச் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது.

கேள்வி: கடன் எப்போது கிடைக்கும்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம்.

கேள்வி: குழுத் தொழிலுக்கு வரி உண்டா?

பதில்: ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக என் பீரோவிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம் அம்மா. அடுத்த கூட்டத்திலேயே எல்லோர் முன்னும் திறந்து வாசித்துவிட்டு, இன்னொருவரிடம் கொடுங்கள்.