அறுபது நாள் பூட்டு

கேள்வி: சென்னிமலையில் போர்வை, துண்டு விற்கிறோம். கடைப் பெயரில் டாட்காம் முகவரி உண்டு. புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போனேன். பழைய மின்னஞ்சல் செத்துக் கிடந்ததால் அதை முதலில் மாற்றினேன். உடனே ‘60 நாளுக்கு மாற்ற முடியாது’ என்கிறது திரை. இன்னும் 20 நாளில் கெடு முடிகிறதே, என்ன செய்வது?

– வாசகி, சென்னிமலை

பதில்: பொறுப்பாக மின்னஞ்சலைத் திருத்தினீர்கள் பாருங்கள், அதுதான் வினை. உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் 60 நாள் பூட்டு விழும், இணைய முகவரிப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதி. திருடன் உள்ளே புகுந்து முகவரியைக் கடத்திவிடக் கூடாதே என்பதற்காக. ‘பூட்டு வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்ல சில நிறுவனங்கள் ஒரு கட்டம் வைத்திருக்கும், பொடி எழுத்தில். நானும் ஒருமுறை அதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

பழைய இடத்திலேயே ஓராண்டுக்குக் கட்டிவிடுங்கள். வயிறு எரியும்தான். ஆனால் பணம் வீணாகாது. பிறகு மாற்றும்போது மிச்சக் காலத்தோடு இன்னோர் ஆண்டு சேரும். கெடுவுக்கு முன்பே கட்டுங்கள். கெடு தாண்டிப் புதுப்பித்து 45 நாளுக்குள் மாற்றினால் அந்த ஆண்டு கைவிட்டுப் போகும்.

60 நாள் கழிந்ததும் மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கேளுங்கள். 5 நாளுக்குள் தந்தாக வேண்டும். அதைக் கையால் தட்டாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். ஆங்கில ‘ஓ’வுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவன் சொல்கிறேன்.