சிகாகோ என்ற பெயருக்கு உண்மையில் என்ன அர்த்தம்? காட்டுப் பூண்டா, ஸ்கங்கா, ஒரு தலைவரின் பெயரா?

சுருக்கமான பதில்: காட்டுப் பூண்டு. ஆனால் ஸ்கங்க் என்று சொல்பவர்களும் தப்பாகச் சொல்லவில்லை. தலைவர் கதை மட்டும் நிற்காது.

இந்தப் பெயர் மயாமி-இலினாய் என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது. அதில் ‘ஷிகாக்வா’ என்றால் ஸ்கங்க், அதாவது முதுகில் வெள்ளைக் கோடு போட்ட, நாற்றம் பீய்ச்சும் அந்தச் சிறு விலங்கு. அதே காரமான வாடை வீசும் ஒரு காட்டுச் செடிக்கும் அவர்கள் அதே பெயரைத்தான் வைத்தார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் ‘விலங்கா, செடியா’ என்று சண்டை போடுகிறார்கள்.

சரி, ஊருக்குப் பெயர் கொடுத்தது இரண்டில் எது? இதற்கு நேரடிச் சாட்சி ஒன்று இருக்கிறது. லா சால் என்ற பிரெஞ்சுப் பயணியின் கடைசிப் பயணத்தில் உடன்போய் உயிர் பிழைத்தவர் ஆன்ரி ஜூட்டெல். அவர் 1687-இல் இந்த இடத்துக்கு வந்தார். காடுகளில் பூண்டு ஏராளமாக விளைவதால் இதற்கு ‘சிகாகூ’ என்று பெயர் என்று கேட்டறிந்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அங்கேயே போய்க் கேட்டறிந்து அந்தக் காலத்திலேயே எழுதியது என்பதால், பிற்கால ஊகங்கள் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

அது எந்தச் செடி என்பதிலும் குழப்பம் இருந்தது. புல்வெளியில் தலைகுனிந்து பூக்கும் ஒரு காட்டு வெங்காயம்தான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஜான் ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் 1991-இல் ஜூட்டெலின் வர்ணனையை வரி வரியாகப் பார்த்து, அது அமெரிக்காவில் ‘ராம்ப்’ என்று சொல்லும் அகல இலைச் செடி என்று வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஜூட்டெல் சொன்னது காட்டுக்குள் விளையும் பூண்டு. அந்த வெங்காயமோ திறந்த வெளியில் வளர்வது. ராம்ப், மேப்பிள் மாதிரி மரங்களின் நிழலில் கூட்டங்கூட்டமாக வரும்.

நான் சிகாகோ புறநகரில் இருப்பவன். ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் உழவர் சந்தையில் ராம்ப் கட்டுக்கட்டாக வரும். ஒரு சாண் நீளத்தில் மழமழவென்று பச்சை இலை, அடியில் கொஞ்சம் கருஞ்சிவப்பு ஓடிய தண்டு, கடைசியில் சின்ன வெங்காயத்தைவிட மெல்லிய வெள்ளைக் கிழங்கு. இலையைக் கிள்ளி முகர்ந்தால் பூண்டும் வெங்காயமும் கலந்த வாடை. கை கழுவினாலும் சீக்கிரம் போகாது. மரங்கள் முழுசாகத் துளிர்த்து நிழல் விழுவதற்கு முன் இலை விட்டு, கோடை வந்ததும் இலை காய்ந்துவிடும். விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வரப் பல வருடம் ஆகும். அதனால் காட்டில் பார்த்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டி என்ற மாவட்டத்தின் வனப் பகுதிகளில் செடி பறிப்பதே சட்டப்படி தடை.

அப்புறம் அந்தத் தலைவர். சிகாகூ என்ற பெயரில் இலினாய் மக்களின் தலைவர் ஒருவர் நிஜமாகவே இருந்தார். 1725-இல் பாரிசுக்குப் போய் வந்தவர். ஆனால் ஊர்ப் பெயர் 1680-களிலேயே பிரெஞ்சுக்காரர்களின் எழுத்தில் வந்துவிட்டது. எனவே அவரால் ஊருக்குப் பெயர் வந்திருக்க வழியில்லை. ‘வலிமை’, ‘மகத்தானது’ என்ற பொருள்களும் பிற்காலத்தில் ஊர்ப் பெருமைக்காகப் பரவியவைதான்.

உச்சரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சில் ‘ch’ எழுத்துகளுக்கு ‘ஷ’ ஒலி. பெயரை முதலில் எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் எழுத்து அப்படி அமைந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களும் ‘ஷிகாகோ’ என்றே சொல்கிறார்கள். இன்னொன்று: ‘ஸ்கங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லே மயாமி-இலினாய்க்கு உறவான, கிழக்குக் கரையிலிருந்த பூர்வகுடி மொழி ஒன்றிலிருந்து எடுத்ததுதான். அதாவது ‘சிகாகோ’, ‘ஸ்கங்க்’ இரண்டுக்கும் ஒரே வேர்.

இந்தச் சொல்லுக்கு உரியவர்கள் மறைந்துபோன இனம் என்று பல பதிவுகளில் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1846-இல் மயாமி மக்களில் பெரும்பகுதியினரை இந்தியானாவிலிருந்து கான்சாசுக்கு விரட்டினார்கள், பிறகு ஓக்லஹோமாவுக்கு. இருபதாம் நூற்றாண்டில் மொழியைப் பேச ஆளில்லாமல் போனது. பழைய ஜெசுவிட் பாதிரிகளின் அகராதிகளை வைத்து மொழியியலாளர் டேவிட் கோஸ்டாவும், மயாமி இனத்தைச் சேர்ந்த டேரில் பால்ட்வினும் அதை மீட்டார்கள். பால்ட்வின் தன் பிள்ளைகளை அந்த மொழி பேசியே வளர்த்தார். 2016-இல் அவருக்கு மக்ஆர்தர் நல்கை என்ற புகழ்பெற்ற பரிசுத் தொகை கிடைத்தது. ஒகாயோ மாநிலத்தில் இந்த மொழிக்காக உள்ள மயாமியா மையத்தின் இணைய அகராதியை யாரும் பார்க்கலாம். சிகாகோ நடுவில் ஓடும் வாபாஷ் அவென்யூவின் பெயரும் அவர்களுடையதே. ‘வாபாஷிகி’ என்று இந்தியானாவின் ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. சுண்ணாம்புக்கல் படுகையின் மேல் தண்ணீர் வெள்ளையாகப் பளபளப்பதைச் சொல்வது.