கோல்கீப்பர் ஆகணும்னு நிக்கிற பையனோட அம்மாவுக்கு

அக்கா, நேத்து நீங்க போன்ல பேசுனதுல இருந்து இதேதான் மனசுல ஓடிட்டு இருக்கு. ஹைஸ்கூல்ல சேர்றதுக்கான எக்ஸாம் நெருங்குற நேரத்துல பையன் ஜே லீக்ல, அதான் ஜப்பானோட ப்ரோ ஃபுட்பால் லீக்ல, கோல்கீப்பர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், டோக்கியோ வந்து இவ்ளோ கஷ்டப்பட்டதெல்லாம் இதுக்கான்னு கேட்டீங்க. உங்க பயம் எனக்குப் புரியுது.

கோல்கீப்பருக்கு டீம்ல இடமே ஒன்னுதான்கா. முன்னாடி இருக்கறவர் நல்லா ஆடுனா பின்னாடி இருக்கறவன் வருஷக்கணக்கா பெஞ்ச்ல உக்காரணும், அதை அவன்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. ஜப்பான் நேஷனல் டீம் கீப்பரா இருந்த எய்ஜி கவாஷிமாவையே எடுத்துக்கோங்க, 2004ல நகோயா க்ளப்புக்குப் போனாரு, அங்க நேஷனல் டீம் கீப்பர் நராசாகி இருந்ததால 3 வருஷம் பெரும்பாலும் காத்துட்டுதான் இருந்தாரு. அப்புறம் கவாசாகி க்ளப்புக்குப் போயி, 2010 வேர்ல்ட் கப்ல அதே நராசாகிய தாண்டி மெயின் கீப்பரா எறங்குனாரு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல, 2015ல அப்ப ஆடிட்டு இருந்த பெல்ஜியம் க்ளப்ப விட்டு வந்து கிட்டத்தட்ட அரை வருஷம் டீமே இல்லாம இருந்தாரு, அதுக்குள்ள ரெண்டு வேர்ல்ட் கப் ஆடி முடிச்ச மனுஷனுக்கே இந்த நெலம! அடுத்து ஸ்காட்லாந்து, அப்புறம் ஃபிரான்ஸ்ல மெட்ஸ் டீமுக்கு மூணாவது கீப்பரா சேந்து மொத கீப்பரா மேல வந்தாரு. 2024ல ஜப்பானுக்கே திரும்பி ஜூபிலோ இவாடா க்ளப்புக்கு வந்து 41 வயசுல ஜே1, அதான் ஜே லீக்கோட மேல் டிவிஷன்ல ஆடுனாரு. வேற பொசிஷன்ல அந்த வயசு வரைக்கும் நிக்கறது ரொம்ப அபூர்வம்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அவரு பாஷைங்க படிச்சதுதான். இங்கிலீஷ், இத்தாலியன், ஃபிரெஞ்ச்னு கத்துக்கிட்டே இருந்தாரு, டிஃபென்ஸ்ல ஆடுறவங்கள கத்திச் சொல்லி சரியான எடத்துல நிக்க வைக்கிற வேலைக்கு பாஷை இல்லாம முடியாதுல்ல. உங்க பையனுக்கு தமிழ், இங்கிலீஷ், ஜப்பானீஸ் மூணும் இப்பவே இருக்கு, அதை சின்ன விஷயமா நெனைக்காதீங்க.

படிப்ப விட வேணாம். ஹிகாஷிகுச்சின்னு இன்னொரு ஜப்பான் கீப்பர், சின்ன வயசுல காம்பா ஒசாகா க்ளப்போட ஜூனியர் டீம்ல இருந்து மேல எடுக்கப்படாம போனவரு, யுனிவர்சிட்டில ஆடி நீகாட்டா க்ளப் வழியா ப்ரோ ஆகி, 2014ல அதே காம்பாவுக்கே வந்து அந்த வருஷமே லீக், லீக் கப், எம்பரர் கப்னு மூணும் ஜெயிச்சாரு. 18 வயசுல எல்லாம் முடிவாகிடாதுக்கா.

ஞாயித்துக்கிழமை ஸ்கூல் பாக்கப் போறப்ப, கீப்பருக்குன்னு தனி கோச் இருக்காரா, ஒரே வயசுல எத்தன கீப்பர் எடுப்பாங்க, இது ரெண்டையும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் எந்த ஸ்கூல்னு உக்காந்து முடிவு பண்ணலாம்.