மலிவு விலை சீன டர்ட் பைக்: வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்யணும்?

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாகச் சிறுவர் டர்ட் பைக்கும் (மண் தரையில் ஓட்டும் வண்டி) பிட் பைக்கும் (அதன் சின்ன அளவு வகை) பார்த்து வருகிறேன். அதில் பாதிக்கு மேல் சீனாவில் இருந்து இறக்குமதியானவை. போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன.

பதிலுக்கு முன் ஒன்று. பெட்டியில் இருந்து இறக்கிய அன்றே எந்த வண்டியையும் ஓட்டாதீர்கள். கழற்றிப் பார்த்து, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டிய பிறகுதான் ஆள் ஏறணும். இதை இன்று பல முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: அண்ணா, ஏழு வயசுப் பையனுக்கு 49 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி 38 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுவான். வாங்கலாமா?

தோப்புக்குள் மட்டும், நீங்களும் பக்கத்தில் நிற்பீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் 38 ஆயிரத்தோடு செலவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இன்னொரு பத்துப் பன்னிரண்டாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். பேரிங், பிரேக் கேபிள், பெட்ரோல் டியூப், செயின், நல்ல போல்ட் நட்டு எல்லாம் அதில் வரும். ஹெல்மெட், முழங்கால் கார்டு, பூட்ஸ் கணக்கு தனி. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை வண்டியோடு இலவசமாகக் கொடுத்தால் அதை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள்.

இந்த வண்டிகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது ஆக்சிலேட்டர்தான். வண்டியைக் கட்டை மேல் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்டில் பாரை இடது கோடி வரை திருப்பி ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். பிறகு வலது கோடிக்குத் திருப்பி அதையே செய்யுங்கள். இரண்டு பக்கமும் 'டக்'கென்று திரும்பி வரணும். ஹேண்டிலைத் திருப்பும்போதே இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். ஏழு வயசுக் குழந்தை பயந்தால் கையை விடாது, இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால் மணிக்கட்டில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு (இழுத்தால் இன்ஜின் அணையும்) வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் பிடியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூ இருந்தால் முதல் மாதம் அதைப் பாதிக்கு மேல் திறக்க வேண்டாம்.

வெல்டிங்கையும் பாருங்கள். போன வருடம் ஒரு வண்டியின் ஃபுட் ரெஸ்ட் பிடிப்பைப் பார்த்தேன். மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கியது போல அவ்வளவு அழகு. பெயிண்டைச் சுரண்டியதும் ஒரு பக்கம் இரும்பில் ஒட்டவே இல்லை, நகம் நுழையும் இடைவெளி. பையன் எழுந்து நின்று ஒரு மேட்டைத் தாண்டியிருந்தால் அவன் முழு எடையும் அதில்தான் விழுந்திருக்கும். ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஹேண்டில் அடிக்கழுத்து, இந்த மூன்று இடத்திலும் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். பெயிண்டைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

ஈரோடு: 49 சிசிதானே, லைசென்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை, தெருவில் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்கிறார்.

தவறு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28) விலக்கு கொடுப்பது நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 25 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான். 49 சிசி அதற்குள் வராது. பதிவு இல்லாமல் பொது ரோட்டில் ஏறக்கூடாது, இந்த வண்டிகளைப் பதிவு செய்யவும் முடியாது. 50 சிசி வரை ஓட்டவே 16 வயசு ஆகியிருக்கணும். சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25 ஆயிரம் அபராதம். தோட்டம், தனியார் டிராக், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரூர்: எந்தப் பிராண்டு பெஸ்ட் சார்?

பெட்ரோல் டாங்க்கில் ஒட்டியிருக்கும் பேருக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். ஒரே வண்டி நாலு கடையில் நாலு ஸ்டிக்கரோடு நிற்கும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

சேலம்: '150 சிசி' என்று ஒரு பிட் பைக் வாங்கினேன். நண்பரின் 125ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இன்ஜினில் 1P54FMI என்று அடித்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஆமாம். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. முதலில் இருக்கும் 1 என்றால் ஒரு சிலிண்டர். P என்றால் படுத்த சிலிண்டர். 54 என்பது போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், மில்லிமீட்டரில். F என்றால் காற்றில் குளிர்வது, M என்றால் மோட்டார் சைக்கிள் இன்ஜின். கடைசி எழுத்துதான் சிசி வகை: B என்றால் 50, G என்றால் 100, H என்றால் 110, I என்றால் 125, J என்றால் 150, L என்றால் 200, M என்றால் 250. உங்களுடையது 54 போர், 54 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கணக்குப் போட்டால் 123.7 சிசி. 125தான், ஸ்டிக்கர் மட்டும் 150.

J-யிலும் கவனம் வேண்டும். கடைசி எழுத்து J என்பதால் மட்டும் சரியாக 150 என்று ஆகிவிடாது. அதனால் போர் எண்ணையும் பார்க்கணும்.

இந்தப் படுத்த இன்ஜின் மோசமான இன்ஜின் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1958ல் ஹோண்டா சூப்பர் கப்போடு தொடங்கிய வம்சம் இது. நம் ஸ்ப்ளெண்டர் இன்ஜினும் அதே வம்சத்துப் பங்காளிதான். அதனால்தான் நம் ஊர் மெக்கானிக் யாரும் இதைத் திறக்கப் பயப்பட மாட்டார். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், குளிர்ந்த இன்ஜினில் வையுங்கள். பெரும்பாலானவற்றில் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடை மட்டும்தான். அதனால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதுதான் ஒரே வழி. டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் ஆயில் தரக் குறி) போட்ட ஆயில் வாங்குங்கள், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

திண்டுக்கல்: 49 சிசிக்கு ஆயில் எவ்வளவு கலக்கணும்?

25க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். தனி கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள்.

நாமக்கல்: 49 சிசியில் ஆயில் கலக்காமல் ஓட்டினால்...

பிஸ்டன் பிடித்துவிடும். மேலே பார்க்கவும்.

திருப்பூர்: நானும் மெக்கானிக்தான் அண்ணே. 125 பிட் பைக்குக்கு 420 செயின் அடிக்கடி தளர்ந்து போகிறது. ஸ்ப்ளெண்டர் செயினைப் போடலாமா?

நல்ல கேள்வி தம்பி. 420க்கும் ஸ்ப்ளெண்டரின் 428க்கும் பிட்ச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி) ஒன்றுதான், 12.7 மில்லிமீட்டர். அதனால் போட்டால் உட்காருவது போலத் தெரியும். ஆனால் ரோலர் தடிமன் வேறு, உள் அகலமும் வேறு. பழைய ஸ்பிராக்கெட்டில் அது பல்லின் அடியில் சரியாக உட்காராது. மாற்றுவதானால் முன், பின் ஸ்பிராக்கெட் இரண்டையும் 428க்கு மாற்றிவிட்டு அப்புறம் செயின் போடுங்கள். அது முடியாது என்றால் நல்ல கம்பெனியின் 420 செயினாகத் தேடுங்கள். ரோலான் நம் ஊர்ச் சரக்கு, எல்ஜிபி கோவையில்தான் இருக்கிறது. வண்டியோடு வரும் செயினை நான் கையில் எடுத்துப் பக்கவாட்டில் வளைத்துப் பார்ப்பேன். புதுசிலேயே பாம்பு போல வளைந்தால் நேராகக் குப்பைக்கு.

பேரிங்கும் அப்படியே. பெயர் பெற்ற கம்பெனியின் டப்பாவிலேயே டூப்ளிகேட் வருகிறது, அதனால் நம்பிக்கையான டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். பேரிங் எண் உலகம் முழுக்க ஒன்றுதான். 6202 என்றால் எங்கே வாங்கினாலும் அதே அளவு. 'சீன வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காது' என்பது இந்த விஷயத்தில் உண்மை இல்லை. கிடைக்காதது பிளாஸ்டிக், ரிம், ஹப், கியர்பாக்ஸ் சாமான்கள்தான்.

நீலகிரி: எனக்கு 32 வயசு. எஸ்டேட் மண் ரோட்டில் ஓட்ட ஒரு சீன 250 பார்த்திருக்கிறேன். அந்த விலைக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வாங்கலாம் என்கிறார்கள். 250 பெரிசு இல்லையா?

இன்ஜின் எண்ணைப் பார்த்தீர்களா? 167FMM என்று இருந்தால் 67 போர், 65 ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால் 229 சிசி. பேருக்குத்தான் 250. அதுவும் புஷ்ராட் (நீளக் கம்பியால் வால்வைத் திறக்கும்) இன்ஜின், ஹோண்டா சிஜி வம்சம். உழைக்கும், ஆனால் வேகம் போகாது. எக்ஸ்பல்ஸ் 4வி 199.6 சிசிதான் என்றாலும் நாலு வால்வு. ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, ஊட்டியிலும் கோத்தகிரியிலும் ஸ்பேர் உண்டு. உங்களுக்கு எக்ஸ்பல்ஸ்தான்.

நீலகிரி (மறுபடியும்): எடையைப் பற்றிச் சொல்லவே இல்லையே. எக்ஸ்பல்ஸ் கிட்டத்தட்ட 160 கிலோ. சீன வண்டி அதைவிட முப்பது கிலோவாவது குறைவு. சேற்றில் விழுந்தால் தூக்குவது நான்தானே?

வால்பாறை: அவர் சொல்வது சரி. நான் அந்த வகை வண்டிதான் மூணு வருடமாக ஓட்டுகிறேன். எடைதான் எல்லாம்.

தேனி: மூணு வருடத்தில் எத்தனை முறை இன்ஜின் பிரித்தீர்கள், அதையும் சொல்லுங்கள்.

வால்பாறை: இன்ஜினை ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. கார்ப்பரேட்டர் மாற்றினேன், பின் ஷாக் மாற்றினேன், ஸ்போக் ரெண்டு முறை கட்டினேன், ஸ்டியரிங் பேரிங் மாற்றினேன். அவ்வளவுதான்.

வால்பாறைக்காரர் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. எடை விஷயத்தில் நீங்கள் இருவரும் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், நான் முதலிலேயே எழுதியிருக்கணும். ஈரச் சரிவில், தனியாக ஓட்டும்போது முப்பது கிலோ சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அவர் மாற்றிய பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கார்ப்பரேட்டர், ஷாக், ஸ்போக், ஸ்டியரிங் பேரிங். நான் முதல் நாளே கழற்றிப் பாருங்கள் என்று சொல்லும் இடங்கள் இவையேதான். இதே மாதிரி ஒரு வண்டியின் முன் ஃபோர்க்கைப் புதுசிலேயே நான் வடித்தேன். ஒரு காலில் 180 மில்லி ஆயில், இன்னொன்றில் 110. ஸ்டியரிங் பேரிங்கில் கிரீஸே இல்லை, லேசாகத் துரு பிடித்திருந்தது. கழற்றிக் கட்டத் தெரிந்த ஆளுக்கு இந்த வண்டி நல்ல பேரம். வால்பாறைக்காரர் அப்படிப்பட்டவர். கடைக்குப் போய்ச் சாவியை வாங்கி ஓட்டப்போகும் ஆளுக்கு இல்லை. நீலகிரி நண்பரே, உங்களிடம் ஸ்பேனர் செட் இருக்கிறதா?

நீலகிரி: இல்லை.

அப்போ எக்ஸ்பல்ஸ். குதித்து ஓட்ட ஆசை என்றால் 4வி ப்ரோ பாருங்கள், முன் சஸ்பென்ஷன் 250 மில்லிமீட்டர் இறங்கும். சீட் உயரம் 891, கால் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

தேனி: அந்தப் பணத்துக்கு ஆர்எக்ஸ் 100 வாங்கி...

வேண்டாம், இந்தப் பேச்சைத் தொடங்கினால் இன்று முடியாது. ஆர்எக்ஸுக்குத் தனியாக ஒரு நாள் வைப்போம்.

மதுரை: 49 சிசி வாங்கலாமா?

பொள்ளாச்சிக்குச் சொன்ன பதில்.

தஞ்சாவூர்: ஐந்து வயசு மகளுக்கு 49 சிசி...

பொள்ளாச்சி பதிலையே முழுசாகப் படியுங்கள் சார். ஐந்து வயசுக்கு என் கருத்து: முதலில் பெடல் இல்லாத பேலன்ஸ் சைக்கிள். பிறகு பார்க்கலாம்.

தூத்துக்குடி: சீனாவில் இருந்து நேரடியாக நானே இறக்குமதி செய்தால் லாபமா?

என் துறை இல்லை. நீங்கள் இருப்பது துறைமுக ஊர், ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

விருதுநகர்: இரண்டு மாதம் நிறுத்தி வைத்த 125 இப்போது எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்பதில்லை.

இப்போது பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல். அதில் இருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், மலிவான ரப்பர் டியூபையும் உப்ப வைக்கும். கார்ப்பரேட்டர் பவுலைக் கழற்றிப் பச்சைப் படிவு இருந்தால் கழுவுங்கள். ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டைதான், அடைபட்டிருக்கும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், ஓட்டை பெரிசாகிவிடும். இனி நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள்.

அப்புறமும் ஐடில் நிற்காவிட்டால், கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் காற்று இழுக்கிறது. அந்த அலுமினிய முகப்பு புதுசிலேயே வளைந்து வரும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் எமரி பேப்பரை வைத்து, முகப்பை எட்டு போடுவது போலத் தேய்த்துச் சமமாக்குங்கள். புது கேஸ்கெட் போடுங்கள். அரை மணி நேர வேலை.

கோவை: அதே எமரியில் பிரேக் ஷூவைத் தேய்க்கலாமா? எங்கள் பட்டறையில் அப்படித்தான் செய்கிறோம்.

தயவுசெய்து உலர்வாகத் தேய்க்காதீர்கள், காற்று அடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். விவரம் தெரியாத ஷூவிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். 2003 கடைசியிலேயே ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்த ஆஸ்திரேலியாவிலேயே, 2012ல் சீன இறக்குமதி கார்களின் கேஸ்கெட்டில் அதைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் பல வருடம் கழித்து வேலையைக் காட்டும். உங்களிடம் வேலை கற்கும் பையன்கள் சின்ன வயசுக்காரர்கள்.

பொள்ளாச்சி (மறுபடியும்): அண்ணா, போல்ட் மாற்றச் சொன்னீர்களே, எதை வாங்குவது?

தலையில் 8.8 என்று அடித்திருக்கணும். எண்ணே இல்லாத போல்ட் ஹேண்டில் கிளாம்ப்பிலோ ஆக்சிலிலோ பிரேக்கிலோ இருக்கக்கூடாது. நீல நிற த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். எல்லாவற்றிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், ஓட்டி முடித்ததும் எது நகர்ந்திருக்கிறது என்று பையனே பார்த்துச் சொல்வான்.

சேலம் (மறுபடியும்): என் 125ஐ நீங்கள் சொன்னது போலப் பூட்டி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயிலை வடித்தேன். வெள்ளிப் பொடி கலந்தது போல மின்னுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

முதல் ஆயில் அப்படித்தான் மின்னும், பயப்படாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் சரி. விரலில் உருட்டும்போது துண்டாகத் தட்டுப்பட்டால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் புது ஆயில் ஊற்றி மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி வடியுங்கள். வடிக்கும்போது அந்தச் சல்லடையையும் எடுத்துக் கழுவுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.