தறிக்காத வேலி

அன்புள்ள அக்கா,

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். என்னிடம் ஒரு ஜேட் செடி இருக்கிறது, காசு வரும் என்று வீட்டில் வைப்பார்களே, அந்தத் தடித்த இலைச் செடி. மூன்று வருசத்துக்கு முன் அம்மா வாங்கித் தந்தது. அம்மா இப்போது இல்லை. வாங்கும்போது ஒரு சாண் உயரத்தில் குண்டாக, வடிவாக இருந்தது. இப்போது ஒன்றரை அடி. இரண்டே தண்டுகள், அடியில் இலையே இல்லை, நுனியில் மட்டும் கொஞ்சம். சாய்கிறது என்று குச்சி கட்டியிருக்கிறேன். கீழே முற்றத்தில் வைத்தால் மான் கடித்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே, பிறிஜ்ஜுக்கு மேல் வைத்திருக்கிறேன். அடர்த்தியாக வளர என்ன உரம் போடலாம்? எந்தத் திசையில் வைத்தால் காசு வரும்? படுக்கை அறையில் வைக்கலாமா? நுனியை வெட்டிவிடு என்கிறாள் தோழி. எனக்கு மனம் வரவில்லை.

ச., திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

காசு வரும் திசை எனக்குத் தெரிந்திருந்தால் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு இதை எழுத மாட்டேன். படுக்கை அறையில் தாராளமாக வைக்கலாம். தென்னாபிரிக்காவின் வறண்ட சரிவுகளில் பிறந்த செடி அது. பகல் வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும் என்று, இரவில்தான் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து வைத்துக்கொள்கிறது. மூச்சுக் காற்றுக்காக உங்களோடு சண்டைக்கு வராது. மான் விசயத்தில் நான் உங்கள் கட்சி. எங்கள் ஊரில் மான் கடற்கரைக்கும் வரும், படலைக்கும் வரும். எதைக் கடிக்கும், எதை விடும் என்று அதற்குத்தான் தெரியும்.

ஆனால் பிறிஜ்ஜுக்கு மேல்? அது செடி வைக்கிற இடமா? பழைய காலண்டரும் மருந்துப் போத்தலும் வைக்கிற இடம். அந்தச் செடி மூன்று வருசமாக வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டிப் பார்த்திருக்கிறது. ஒரு சோடி இலைக்கும் அடுத்த சோடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுவது அதனால்தான். நீங்கள் அதை வளர்ச்சி என்று நினைத்துக் குச்சி கட்டியிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ‘மனம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

சாம்பல்தீவில் எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவை வேலி. நடுநடுவே பூவரசு. மாரி தொடங்கும் நேரத்தில் அம்மம்மா காட்டுக்கத்தியை எடுத்துவிடுவார். நெஞ்சு உயரத்துக்கு மேல் நிற்கிற ஒரு கொப்பும் தப்பாது. வெட்டிய நேரான தடிகளை, நட்டால் துளிர்க்கும் வேலிக் கம்புகளான கதியாலாக்கி, இடைவெளி விழுந்த இடங்களில் அலவாங்கால் குழி போட்டு நடுவார். எனக்கு அழுகை வரும். பச்சைப் பசேல் என்று நின்ற வேலி ஒரே பகலில் மொட்டையாகிவிடும். பால் வடிகிறதே என்று ஒருமுறை சொன்னேன். “தறிக்காவிட்டால் வேலி மரமாய்ப் போயிடும்” என்றார். மரம் ஆனால் நல்லதுதானே என்று எனக்கு அப்போது தோன்றியது.

1990 ஆனியில் போர் மூண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வர நாலு வருசம் ஆனது. கூரை இல்லை, கிணற்றுக் கட்டு இடிந்துகிடந்தது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வேலியை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கதியால்கள் எல்லாம் உயரமாக, கிட்டத்தட்ட மரமாக நின்றன. இலை முழுக்க மேலே. கீழே வெறும் தண்டுகள். அந்தத் தண்டுகளுக்கு நடுவே ஆடுகள் வளவுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. அத்தனை மரம் நின்றது, வேலி மட்டும் இல்லை. அம்மம்மா வீட்டைப் பார்க்கவேயில்லை. பக்கத்து வளவில் கத்தி இரவல் கேட்கப் போனார்.

இது ஏன் இப்படி என்று பிறகுதான் படித்தேன். தண்டின் நுனியில் ஒக்சின் என்றொரு வளர்ச்சிப் பொருள் சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் கீழே உள்ள மொட்டுகள் தூங்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழிக்கும். ஜேட் செடியில் இலைகள் எதிரெதிராகச் சோடியாக வருகின்றன அல்லவா? ஒவ்வொரு இலை முளைக்கும் மூலையிலும் ஒரு மொட்டு இருக்கிறது. ஆகையால் ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டாக வரும். இரண்டு தண்டு நாலாகும். அவற்றில் மூன்று நாலு சோடி இலை வந்தபின் திரும்பக் கிள்ளினால் எட்டு. இலை உதிர்ந்த மொட்டைத் தண்டிலும் மோதிரம் போல வரி தெரியும், அதுதான் கணு. தேயிலையும் விட்டால் மரம்தான். கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் மலைநாட்டில் இடுப்பு உயரத்தில் மேசை மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்களுக்குச் செடி நோகும் என்ற கவலை இல்லை, தங்கச்சி. அம்மா கை பட்ட இலை எது, பிறகு வந்த இலை எது என்ற கணக்கு அது. எனக்கு விளங்குகிறது. ஆனால் அம்மா வாங்கித் தந்தபோது இருந்த இலைகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. அந்த மொட்டைத் தண்டுதான் அம்மா தந்தது. அதைத்தான் நீங்கள் தூங்க வைத்திருக்கிறீர்கள்.

முதலில் கிழக்கு யன்னலுக்குக் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் முழு வெயிலில் வைத்தால் இலை கருகும், மெல்ல மெல்லப் பழக்குங்கள். நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது வெளிச்சம் பட வேண்டும். வாரம் ஒருமுறை சாடியைத் திருப்பிவிடுங்கள், சாய்வு நிற்கும். ஒரு மாதம் போகட்டும், அப்புறம் வெட்டுங்கள். இருட்டில் வைத்து வெட்டினால் வருகிற நாலும் நோஞ்சானாகத்தான் வரும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் வேண்டாம், வெட்டுவாய் அழுகும். மாசி, பங்குனி நல்லது. கத்தியைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். மொத்தச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுக்காதீர்கள். வெட்டியபின் மண் நன்றாகக் காயும் வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆசையில் ஊற்றி ஊற்றித்தான் பலர் இந்தச் செடியைக் கொல்கிறார்கள்.

வெட்டிய நுனிகளை எறிய வேண்டாம். நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கிருந்து அள்ளிவிடாதீர்கள், அதில் உப்பு. ஆற்று மணல் வாங்குங்கள். வேர் பிடித்தால் உங்கள் அம்மாவின் செடி மூன்றாகும்.

உரம் என்னவென்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். பிறிஜ்ஜிலிருந்து இறக்குங்கள், இன்றைக்கே.